மணி போட்ட பிள்ளை

"பாப்பாவுக்கு மணி போட்டாச்சுங்களா?"

அந்த வருஷம் ஈரோட்டில் மூன்று வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டாரைப் பார்த்தால் எல்லோரும் கேட்டது இதைத்தான். காய்கறிக் கடையில் கேட்டார்கள். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்டார்கள். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். போட்டாச்சு என்றால், எந்தெந்த ஸ்கூலுக்கு முன்காட்சி கேட்டிருக்கீங்க என்று அடுத்த கேள்வி வரும்.

மணி என்பது புளியங்கொட்டை அளவில் ஒரு சின்ன உருண்டை. ஆறேழு வாரம் பிள்ளையின் கழுத்தில் கிடந்து, அது பேசுவதை, அழுவதை, சிரிப்பதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் கழற்றி மையத்தில் கொடுத்துவிட வேண்டும். அங்கே உள்ள இயந்திரம் அந்தப் பிள்ளையை, பெற்றவர்கள் சொல்லும் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, தனக்குள்ளேயே வளர்த்து, இருபத்திரண்டு வயசில் கொண்டுவந்து எதிரில் உட்கார வைக்கும். எதிரில் என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். பேசலாம், தொட முடியாது. இதற்குப் பேர்தான் முன்காட்சி. மூன்று பள்ளிக்கூடம் கேட்டால் மூன்று பேர் வருவார்கள். பிடித்தவளைத் தேர்ந்தெடுத்து அந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டியதுதான். முன்காட்சி இல்லாத பிள்ளையைச் சொல்லிக்கொள்ளும்படியான பள்ளி எதுவும் வாசலுக்குள் விடுவதில்லை.

மணியைக் கட்டும்போது மையத்தில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புவார்கள்: வீட்டில் எப்போதும் போல இருங்கள். ஊரில் அது மட்டும் யார் காதிலும் ஏறவில்லை. ஆறேழு வாரம் என்றதுமே, ஒரு மண்டலம் என்று எடுத்துக்கொண்டு அதை விரதமாக்கிவிட்டார்கள். மலைக்கு மாலை போட்ட வீடு மாதிரி, மணி போட்ட வீட்டில் சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. தகப்பன்மார் குடியை நிறுத்தினார்கள். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் வாங்க போங்க என்றார்கள். மணி போட்ட பிள்ளையைக் கடைக்காரர்கூட 'சாமி' என்றுதான் கூப்பிட்டார். சுத்தபத்தமாக இருந்தால் பிள்ளை நல்லபடியாக வருவாள் என்று மனசார நம்பினார்கள். இது ஏமாற்று என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்துஜாவுக்கும் தோன்றவில்லை. அவள் புருஷன் நவநீதன் சென்னிமலைப் போர்வைகளை மொத்தமாக வாங்கி வடக்கே அனுப்புகிற வியாபாரி. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தான் விட்ட இடத்திலிருந்து மகள் ஓட வேண்டும் என்பது அவனுக்கு ஒரே நினைப்பு. மகள் பெயர் ஆதிரை.

அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாக ஆதிரை சொல்லக் கற்ற சொல் 'மாட்டேன்'. குளிக்க மாட்டேன், செருப்புப் போட மாட்டேன், டானிக் குடிக்க மாட்டேன். சும்மா அடம் என்றும் தள்ளிவிட முடியாது, காரணமும் சொல்வாள். ஒரு கல்யாணத்தில் நவநீதனின் பெரியப்பா மகன், ஆதிரைக்குப் பெரியப்பா முறையாகிறவர், பெரிய மனுஷர், வா வந்து மடியில உக்காரு என்று கையைப் பிடித்து இழுத்தார். "மாட்டேன். நீங்க கிள்ளறீங்க" என்றாள் அவள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் நவநீதன் சொன்னான்.

"மணி போடறதுக்குள்ள இந்த மாட்டேனை நிறுத்தோணும், இந்து."

"சரிங்க" என்றாள் இந்துஜா.

நிறுத்தினார்கள். அடிக்கவில்லை, மிரட்டவில்லை, பட்டினி போடவில்லை. ஆனாலும் மணி கட்டுவதற்கு முன்பே ஆதிரை படிந்துவிட்டாள். எதைக் கேட்டாலும் 'சரிங்க' என்று வந்தது. அந்த நாலெழுத்துப் போதும், ஈரோட்டில் ஒரு பெண் குழந்தையை எல்லோரும் தூக்கிக் கொஞ்சுவதற்கு. நல்ல வளர்ப்பு என்று நவநீதனின் தங்கை மெச்சினாள். இந்துஜாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முன்காட்சி மையம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே மேளம் கொட்டினால் மேலே தரை அதிரும். ஆதிரையை நவநீதனின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர் பெனிட்டா என்ற ஆலோசகர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், குரலை உயர்த்தாத மனுஷி. உள்ளே போவதற்கு முன் விதிகளைச் சொன்னார். யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். அங்கே டீச்சர்கள் ஒவ்வொரு வருஷமும் அவளை எழுப்பிக் கேட்டுக்கொள்வார்கள், நாலாம் வகுப்பில் நீ எப்படி இருந்தாய், எதற்குப் பயந்தாய் என்று. கேட்டுக் கேட்டு, கையில் இருக்கிற குழந்தையை அவள் போலக் கொண்டுவருவார்கள்.

"மத்த ரெண்டு பேருங்க?" என்றாள் இந்துஜா.

"மெஷின்லயே அணைச்சிருவோம்மா."

"அவங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும். கேட்டா சொல்லுவாங்க. பல பேரு கேக்கறதில்ல."

முதல் அறையில் இருந்தவள் மலையடிவாரத்து விடுதிப் பள்ளியில் வளர்ந்தவள். நவநீதன் ஆசைப்பட்ட பள்ளி அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். நவநீதனின் புருவம், இந்துஜாவின் உதடு. டாக்டருக்குக் கடைசி வருஷம் படிக்கிறாளாம். நவநீதன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பாடு எப்படி, தூங்க எத்தனை மணியாகும், எலும்பு டாக்டரா இருதய டாக்டரா என்று வரிசையாகக் கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். நாற்காலியில் சாயவேயில்லை. இந்துஜா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடம்பெல்லாம் நல்லாருக்குதா, கண்ணு?"

நல்லாருக்குதுங்கம்மா என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் ஒருமுறை ஆபரேஷன் ஆனதைச் சொன்னாள். பரீட்சை அன்று காலையில் வயிற்றுவலி. எழுதிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாராம் வார்டன். "சரிங்கன்னுட்டேன். அடுத்த பரீட்சையும் எழுதீட்டுப் போலாம்னாங்க, அதுக்கும் சரிங்கன்னேன். அதுக்குள்ள கொடல்வால் வெடிச்சிருச்சுங்க." யாருக்கோ நடந்ததைப் போலச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"வலி தாங்க முடியலைன்னு சொல்லலையா சாமி?"

"சொன்னேனுங்க. எழுதுன்னாங்க."

"மார்க்கு?" என்றான் நவநீதன்.

"முழு மார்க்குங்கப்பா."

இரண்டாமவள் கோயம்புத்தூரில் ஒரு சர்வதேசப் பள்ளியில் வளர்ந்து, ஏதோ ஒரு குளிர்நாட்டில் கட்டிடம் வரைகிறவள். தமிழ் அவள் வாயில் கொஞ்சம் யோசித்து யோசித்து வந்தது. ஆனாலும் அந்த 'ங்க' மட்டும் தேயவில்லை. அவள் வரைந்த நூலகம் ஒன்று அந்த ஊர் ஆற்றங்கரையில் நிற்கிறதாம். வாசலில் வேறொருத்தர் பேர் இருக்கிறது. ஏன் என்று இந்துஜா கேட்டாள். "கேட்டாருங்க, குடுத்துட்டேனுங்க" என்றாள் அவள். பார்க்கப்போனால் அவளுக்கு அதில் வருத்தம்கூட இல்லை. வருத்தப்படலாம் என்பதே அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

நடைக்கு வந்ததும் நவநீதன் சொன்னான், "இவ ஏமாளி. மொதல்ல வந்தாளே, அவதான் என்ற பொண்ணு."

மூன்றாவது அறைக்கு அவன் வரவில்லை. போன் வந்துவிட்டது. மூன்றாவது பள்ளி அவர்கள் தெருமுனையில் இருக்கிற பெண்கள் பள்ளிக்கூடம், இந்துஜா படித்தது. அவள் கெஞ்சிக் கேட்டதற்காக அதையும் சேர்த்திருந்தார்கள்.

உள்ளே உட்கார்ந்திருந்தவள் பட்டுப்புடவையில் இருந்தாள், தலை நிறைய மல்லிகை. அவளுடைய காலத்தில் அன்றைக்கு நிச்சயதார்த்தமாம். கீழே நிஜ மண்டபத்தில் யாருக்கோ நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குக் கண்ணாடிக்குள் இருந்தவளின் கொலுசு ஆடுவது போல இந்துஜாவுக்குத் தோன்றியது. அப்படி இருக்க முடியாது என்றும் தெரிந்தது. பெரியப்பா பார்த்த இடம் என்றாள் அவள். எந்தப் பெரியப்பா என்று இந்துஜா கேட்கவில்லை. ஆதிரைக்குப் பெரியப்பா முறையில் இருப்பது அந்தக் கிள்ளினவர் ஒருவர்தான்.

"மாப்பிள்ளையைப் புடிச்சிருக்குதா, கண்ணு?"

"கேட்டாங்க. சரிங்கன்னேன்."

"அவங்க கேட்டதுக்குச் சொன்னதை நான் கேக்கல. உனக்குப் புடிச்சிருக்குதா?"

அவள் பதில் சொல்லவில்லை. வெகுநேரம் சொல்லவில்லை. படம் உறைந்துவிட்டது, பெனிட்டாவைக் கூப்பிட வேண்டும் என்று இந்துஜா நினைத்தாள். ஆனால் அவள் கண் இமைத்துக்கொண்டுதான் இருந்தாள். தேடினாள். எங்கேயோ வைத்த சாமானைத் தேடுகிறவள் மாதிரி.

"அது எப்பிடீங்கம்மா கண்டுபுடிக்கறது?" என்றாள் கடைசியில்.

இந்துஜா வேறு எதையாவது கேட்க வேண்டும் என்று தவித்து, கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டாள்.

"உன்னை நாங்க எடுக்கலைன்னா அணைச்சிருவாங்களாம். தெரியுமா?"

"தெரியுங்கம்மா."

"நான் உன்னை எடுத்துக்கட்டுமா?"

ஒரு வார்த்தை கெஞ்சினால் போதும். எடுத்துக்கோங்க என்று சொன்னால் போதும், இல்லை வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்று சொன்னாலும் போதும். இந்துஜா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க இஷ்டம்ங்கம்மா" என்றாள் அவள், புன்னகையோடு.

பெனிட்டாவின் அறைக்கு இந்துஜா தனியாகத்தான் போனாள். மூன்று பேரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் மாறியும் அது மட்டும் மாறவில்லையே, இயந்திரத்தில் எதுவும் கோளாறா என்று கேட்டாள். பெனிட்டா திரையில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, நிமிராமல் சொன்னார்.

"மெஷின் கேட்காததை அதுவாக் கண்டுபிடிக்காதும்மா. மூணு வயசுப் பிள்ளைங்க நாள் முழுக்கச் சொல்ற வார்த்தையே முடியாது, மாட்டேன், வேண்டாம், இதுதான். உங்க பிள்ளை மணி போட்டிருந்த அத்தனை வாரத்துல ஒரு தடவைகூடச் சொல்லல."

"அவ சொல்லுவாளுங்க. முந்தியெல்லாம் நெம்பச் சொல்லுவா. நாங்கதான் மணி போடறதுக்காக..."

"தெரியும். எப்போதும் போல இருங்கன்னு சொல்லித்தான் அனுப்பறோம். நீங்க எல்லாரும் விரதம் இருந்துட்டு வர்றீங்க. இந்த ஊர்ல இருந்து வர்ற பெண் பிள்ளைங்க இப்ப முக்கால்வாசி இப்படித்தான். கண்ணாடிக்குள்ள உக்காந்து சரிங்க சரிங்கன்னுதான் சொல்லுதுங்க. வீட்டுக்குப் போனாலும் எனக்குக் காதுல கேக்குது."

இன்னொரு முறை மணி போடலாமா என்று இந்துஜா கேட்டாள். ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான் என்றார் பெனிட்டா. யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளையிடம் மணி உதவாது. முன்காட்சியே வேண்டாம் என்று ரத்து செய்யலாம். செய்தால் இந்த மூன்று பள்ளியிலும் இடம் கிடையாது. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாநகராட்சிப் பள்ளி ஒன்று மட்டும் எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும். ரத்து செய்யாவிட்டால், இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பெற்றவர்கள் இரண்டு பேரும் விரல் வைக்க வேண்டும்.

"ஒருத்தர் வைக்கலைன்னா?"

"ரெண்டு விரலும் வேணும்மா. இல்லைன்னா ரத்துதான்" என்றார் பெனிட்டா. அப்போதுதான் அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

வீடு திரும்பும் வழியில் இந்துஜா எல்லாவற்றையும் சொன்னாள். குடல்வாலைச் சொன்னாள், நூலகத்தைச் சொன்னாள், பெரியப்பா பார்த்த மாப்பிள்ளையைச் சொன்னாள். அந்த மூன்று பேரும் ஆதிரை இல்லை, நாம் செய்து கொடுத்த யாரோ, நிஜப் பிள்ளை வீட்டில் இருக்கிறாள், அவளை அவர்கள் மாதிரி ஆக்கச் சொல்லி நாமே கையெழுத்துப் போடக் கூடாது என்றாள். நவநீதன் பொறுமையாகத்தான் கேட்டான். கெட்டவன் இல்லை அவன்.

"டாக்டராயிருக்கா, இந்து. நம்ம ரெண்டு பேரு வம்சத்துலயும் யாராச்சும் ஆயிருக்கறாங்களா? பெரியவங்க சொன்னாச் சரிங்கறா. இதுல என்ன கெட்டுப்போச்சு? ஊர்ல எந்தப் பொம்பளை முடியாது முடியாதுன்னு சொல்லீட்டுத் திரியறா? நீ சொல்றியா?"

ஆதிரையைக் கூட்டிக்கொண்டு வந்ததும் இந்துஜா முதல் வேலையாகச் சமையலறைக்குப் போனாள். பாகற்காய் பொரியல் இருந்தது, நவநீதனுக்கென்று செய்தது. ஆதிரைக்கு அதன் வாசமே ஆகாது. முன்பெல்லாம் பாத்திரத்தைத் திறந்தாலே ஓடிவிடுவாள். சோற்றில் பிசைந்து ஒரு வாய் நீட்டினாள். வாயை மூடிக்கொள்வாள், தட்டிவிடுவாள், துப்புவாள் என்று காத்திருந்தாள். துப்பினால் அள்ளிக் கொஞ்ச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆதிரை வாயைத் திறந்தாள். மென்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. விழுங்கினாள்.

"இன்னொரு வாய் வேணுமா, கண்ணு?"

"சரிங்கம்மா."

இந்துஜா தட்டைத் தொட்டியில் கவிழ்த்துக் கழுவினாள். பிள்ளையின் வாயைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, ஹாலில் விளையாட விட்டாள். ஆதிரை பிளாஸ்டிக் கட்டைகளை நிறம் பார்த்து அடுக்க ஆரம்பித்தாள். சத்தமே தெரியாமல் அடுக்கினாள்.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. நவநீதன் டேப்லெட்டைக் கொண்டுவந்து சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் முதலாமவளின் படம் இருந்தது, கீழே இரண்டு வட்டம். ஒன்றில் அவன் விரல் பதிந்து பச்சையாகியிருந்தது.

"வெரலை வெய்யி, இந்து. நேரமாவுது."

"மாட்டேனுங்க."

நவநீதனுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, டேப்லெட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினான். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவள் அப்படிச் சொன்னதில்லை. பிறந்த வீட்டில் சொன்னதாகவும் ஞாபகம் இல்லை.

"மாட்டேனுங்க. நான் வெக்க மாட்டேன். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கமே போகட்டும்."

கட்டைகள் அடுக்கும் சத்தம் நின்றது. சத்தம் இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. ஆதிரை எழுந்து அம்மாவிடம் வந்தாள். முழங்காலில் கை வைத்து முகத்தை அண்ணாந்து பார்த்தாள். கோபமில்லை, பயமில்லை. இதமான குரலில் சொன்னாள், இந்துஜாவின் குரல் எப்படி இருக்குமோ அப்படியே.

"அம்மா. மாட்டேன்னு சொல்லக் கூடாது. சரிங்கன்னு சொல்லோணும்."

"அம்மா மாட்டேன்னுதான் சாமி சொல்லுவேன். நீயும் சொல்லலாம். இனிமே சொல்லலாம், யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

ஆதிரை கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு திரும்பினாள். அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

இந்துஜாவுக்கு அந்த உட்காருதல் தெரியும். அது அவளுடையது. மணி வருவதற்கு முன்பு, பிள்ளை வாயில் அந்த 'மாட்டேன்' வரும்போதெல்லாம் இந்துஜா இப்படித்தான் திரும்பி உட்கார்ந்தாள். நவநீதனும் உட்கார்ந்தான், அவன் தங்கை வந்திருந்தால் அவளும். பிள்ளை கூப்பிட்டது, அழுதது, முந்தானையைப் பிடித்து இழுத்தது, முன்னால் ஓடிவந்து முகத்தைப் பார்த்தது. முன்னால் வந்தால் இவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சரிங்க என்கிற வரைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் அவள் இல்லை. சொன்னதும் அள்ளி எடுத்து முத்தம் கொடுத்தார்கள். மணி கட்டியபோது அதெல்லாம் முடிந்துபோயிருந்தது. எந்த இயந்திரமும் அதைக் கேட்டதில்லை.

"பாத்தியா, புள்ளைக்கே தெரியுது..." என்று ஆரம்பித்த நவநீதன் முடிக்கவில்லை. அவனும் அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். டேப்லெட் அவன் மடியில் தானாக அணைந்தது.

"ஆதிரை" என்றாள் இந்துஜா. "கண்ணு, அம்மாவைப் பாரு."

பார்க்கவில்லை.

இந்துஜா சோபாவிலிருந்து இறங்கித் தரையில் போய் உட்கார்ந்தாள். சுற்றிப் போய் எதிரில் உட்கார்ந்தாள். ஆதிரை எழுந்து, அமைதியாக, மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மாட்டேன்" என்றாள் இந்துஜா மெதுவாக, அந்தச் சின்ன முதுகிடம். பிறகு இன்னும் மெதுவாக, பிள்ளைக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, இன்னொரு தரம் சொன்னாள்.

முதுகு அசையவில்லை.